புதுத் தொட்டியில் மீன் சோர்ந்தால் எதை முதலில் செய்வது: தண்ணீரா, உப்பா, மருந்தா?

தொட்டி வைத்து ஒரு கிழமை போயிருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஒன்று செட்டையை ஒடுக்கிக்கொண்டு பில்ரருக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. கடைக்காரர் நீல மருந்துப் போத்தலைத் தருவார். அயலவர் ஒரு பிடி உப்பைப் போடச் சொல்வார். வீட்டில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிப் புதிதாக வை என்பார்கள். முதல் இரண்டுக்கும் இடமுண்டு, மூன்றாவதற்கு அநேகமாக இல்லை. ஆனால் ஆறு கிழமை ஆகாத தொட்டியில் எதை முன்னால் செய்கிறோம், எதைப் பின்னால் செய்கிறோம் என்பதில்தான் மீன் தப்புவதும் சாவதும் இருக்கிறது. ஒழுங்கு மாறினால் நோயை விட வைத்தியமே கூடுதலாகக் கொல்லும்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டிக்கு. அங்குலத்தில் மூன்றையும் பெருக்கி 61ஆல் வகுத்தால் லீற்றர் வரும்: 24 × 12 × 12 ÷ 61, ஏறத்தாழ 57. மேலே விட்ட இடைவெளியையும் அடியில் கிடக்கும் கல்லையும் கழித்தால் உள்ளே நிற்பது 45 லீற்றர்தான். 57க்கு மருந்து போட்டால் நாலில் ஒரு பங்கு கூடிவிடும்; சில மருந்துகளுக்கு அந்தக் கால் பங்கே போதும், மீன் பக்கவாட்டில் சாய.

தண்ணீரா, கிருமியா

மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா வருகிறது. அதை நைத்திரைற்றாகவும், நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பில்ரர் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் குடியேற நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். முதல் இரண்டு கிழமை அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைத்திரைற்று ஏறும். புதுத் தொட்டியில் மீன் சோர்ந்தால் பத்தில் ஏழெட்டுத் தடவை காரணம் இதுதான் என்று எடுத்துக்கொண்டு தொடங்கினால் பிழைக்காது.

தண்ணீர்ப் பிரச்சினை எல்லா மீனையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். செவுள் செக்கச்செவேல் என்று இருக்கும், மூச்சு வேகமாக வாங்கும், உடம்பில் புள்ளியோ பஞ்சோ இராது. நைத்திரைற்று ஏறியிருந்தால் செவுளின் நிறம் சிவப்பிலிருந்து மண்ணிறத்துக்கு மாறும். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் போவதால் காற்றுப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தாலும் மீன் மூச்சுத் திணறும்.

கிருமி ஒன்றிலோ இரண்டிலோ தொடங்கும். வெள்ளைப் புள்ளி நோயில் சீனி மணி அளவில் எண்ணக்கூடிய தனித்தனிப் புள்ளிகள் செட்டையிலும் உடம்பிலும் தெரியும். மீன் கல்லில் உரசும். வாயைச் சுற்றி அல்லது முதுகில் சேணம் போட்டது போல வெளிறிய படை வந்தால் அது பெரும்பாலும் கொலம்னாரிஸ் என்ற பற்றீரியா. பஞ்சு போலத் தெரிவதால் பலர் அதைப் பூஞ்சணம் என்று நினைத்துப் பூஞ்சண மருந்து போடுகிறார்கள். நம்முடைய யாழ்ப்பாணச் சூட்டில் அது ஒன்றிரண்டு நாளில் மீனை முடித்துவிடும். வயிறு ஊதி, செதில்கள் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் உள்ளே சிறுநீரகம் பழுது. அதற்கு எந்த வழியும் பெரிதாக எடுபடாது.

இவற்றோடு, வாங்கி வந்த அன்றே சோரும் மீன் வேறு கணக்கு. இலங்கையின் தென்மேற்கில் மென்தண்ணீரில் (சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில்) வளர்ந்த மீன், ஏ9 வீதி வழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பையில் வந்து, பிறகு நமது வன்தண்ணீரில் (சுண்ணாம்பு கரைந்த தண்ணீரில்) இறங்குகிறது. நீண்ட நேரம் கட்டிய பையில் அமோனியா சேர்ந்திருக்கும். ஆனால் காபனீரொட்சைட்டும் சேர்ந்து பிஎச்சை (தண்ணீரின் அமில, கார அளவை) இறக்கி வைத்திருப்பதால் அது அவ்வளவு நஞ்சாகாது. பையைத் திறந்து, கிணற்றுத் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக ஒரு மணிநேரம் ஊற்றினால் பிஎச் ஏறி, மீன் அதே பைக்குள்ளேயே நஞ்சில் நிற்கும். இரவு முழுக்கப் பையில் வந்த மீனுக்குக் கட்டிய பையைப் பதினைந்து நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டை மட்டும் சமப்படுத்தி, திறந்தவுடன் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுவதே நல்லது. பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

தண்ணீர் மாற்றம்

எல்லா வழியிலும் மலிவு, ஆபத்துக் குறைவு, சந்தேகம் என்றால் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். ஏன் இங்கே இது இன்னும் அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு. சோதனைப் பெட்டி காட்டும் அமோனியாவில் ஒரு பகுதிதான் நஞ்சு. 30 பாகை சூட்டில், பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி 0.8 சதவீதம், பிஎச் 8 என்றால் 7.4 சதவீதம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் காற்றுப் பட்டு ஆறியதும் பிஎச் பெரும்பாலும் 7.5க்கு மேலே போய்விடும். ஆகவே புத்தகத்தில் சமாளிக்கலாம் என்று போட்டிருக்கும் லீற்றருக்கு 1 மில்லிகிராம் அமோனியா, இங்கே மீனின் செவுளைச் சுடும் அளவு.

1 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றி, ஆறேழு மணித்தியாலத்தின் பின் இன்னொரு பாதியை மாற்றுங்கள். 2 இருந்தது 1 ஆகி, பிறகு 0.5 ஆகும். பிறகு அளவு 0.25க்குக் கீழே நிற்கும் வரை நாளுக்கு 15 லீற்றர். சோதனைப் பெட்டி இல்லையென்றால் இரண்டு கிழமைக்குத் தினமும் அந்த 15 லீற்றர். இவ்வளவு தண்ணீர் மாற்றினால் மீன் அதிரும் என்று பயப்படுவார்கள். மென்தண்ணீர் ஊர்களில் அது நியாயமான பயம். பழைய தண்ணீரின் பிஎச் இறங்கியிருக்கும். இங்கே தொட்டியில் இருப்பதும் வாளியில் வருவதும் ஒரே கிணற்றுத் தண்ணீர், பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேற்று நிறைந்தது, பிஎச் அசையாது. சூடு ஒத்திருந்தால் போதும்.

சூட்டில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மத்தியானத்தில் மேல்தாங்கிக் குழாயைத் திறந்தால் வருவது கை சுடும் தண்ணீர். கிணற்றில் இருந்து நேரே எடுப்பதோ குளிர்ந்திருக்கும். அதில் ஒட்சிசனும் குறைவு. விடியவே வாளிகளில் எடுத்து, ஒன்றுக்குள் காற்றுக் கல்லைப் போட்டு விட்டால் பின்னேரம் பாவிக்கலாம். குழாய்நீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் அப்படியே காற்றோட விடவேண்டும், அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளிகளைப் போடவேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு அல்லது கிணறு இறைத்த பிறகு கிணற்றுக்கே குளோரின் போட்டிருந்தால் கிணற்றுத் தண்ணீருக்கும் அதே கவனம். சாதாரண குளோரின் நீக்கி அமோனியாவை ஒன்றும் செய்யாது. போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள்.

குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீர் சுத்தம்தானே என்று தொட்டி முழுக்க அதையே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கார்பனேற்று இல்லை. பிஎச் சடாரென்று இறங்கும், குடியேறிய பற்றீரியாவும் வேலையை நிறுத்தும். டெட்ரா போன்ற மென்தண்ணீர் மீனுக்கு வேண்டுமானால் பாதிக்குப் பாதி கலக்கலாம். கப்பி, மொலி, பிளாட்டி, தங்கமீன் எல்லாம் நமது கிணற்றுத் தண்ணீரிலேயே சந்தோஷமாக இருக்கும்.

இன்னொரு கண்ணி. தோட்டக்காணிகள் சூழ்ந்த பகுதிக் கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம் எல்லைக்குக் கிட்டவோ அதைத் தாண்டியோ ஏற்கெனவே இருக்கிறது. தொட்டியில் நைத்திரேற்று காட்டினால் பற்றீரியா குடியேறிவிட்டது என்பது பொது விதி. இங்கே அந்த விதி பொய்த்துவிடும். கிணற்றுத் தண்ணீரை முதலில் தனியே சோதித்துப் பாருங்கள். தொட்டி தயாரா என்பதை அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியமாக நிற்பதை வைத்து மட்டும் முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் மாற்றும் நாட்களில் தீனியை ஒன்று விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஸ்பொஞ்சை அடைப்பு இல்லாமல் கழுவக் கூடாது. கழுவினால் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், போத்தலில் விற்கும் பற்றீரியாவை விட அது மேல். ஈரமாகவே கொண்டுவந்து அரை மணித்தியாலத்துக்குள் பில்ரரில் வையுங்கள்.

உப்பு

தண்ணீர் மாற்றத்துக்கு அடுத்ததாக இதை வைப்பதற்குக் காரணம், சரியான அளவில் உப்பு புதுப் பற்றீரியாவைக் கொல்வதில்லை. இரண்டு வேலைக்கு இரண்டு அளவு.

நைத்திரைற்று நஞ்சுக்கு லீற்றருக்கு 1 கிராம், 45 லீற்றருக்கு 45 கிராம். உப்பில் உள்ள குளோரைட்டு செவுளில் நைத்திரைற்று நுழையும் வழியை மறிக்கும். தீவுப்பகுதி, கரையோரக் கிணறுகளில் உவர் ஏற்கெனவே இருப்பதால் அங்கே இந்தப் பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கிறது; தண்ணீர் நாக்கில் உவர்த்தால் உப்பின் அளவைப் பாதியாக்கலாம். அமோனியாவுக்கு உப்பு மருந்தல்ல. பலர் இதைக் குழப்பி, உப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீர் மாற்றாமல் இருந்துவிடுகிறார்கள்.

வெள்ளைப் புள்ளிக்கு லீற்றருக்கு 3 கிராம், அதாவது 135 கிராம். 400 கிராம் பொதியில் மூன்றிலொரு பங்கு. ஒரேயடியாகப் போடாமல் 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் 45 கிராமாக மூன்று தடவை. கரண்டிக் கணக்கு வேண்டாம். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே நிறை வராது. அயடின் சேர்த்த உப்பால் மீனுக்குக் கேடில்லை. கல்லுப்பென்றால் சட்டியில் கரைத்து, துணியில் வடித்து, அடியில் நிற்கும் மண்ணை விட்டு மேல்தண்ணீரை ஊற்றவும். உப்புக்கல்லை நேரே தொட்டியில் எறிந்தால் அடியில் கிடக்கும் மீனுக்குத் தோல் வெந்துபோகும்.

புள்ளிக் கிருமியின் வாழ்க்கைச் சுற்றுத் தெரியாமல் உப்பை நிறுத்துவதுதான் அடுத்த பிழை. மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது எதுவும் அதைத் தொடாது. விழுந்து கல்லில் பெருகி, நீந்தும் குஞ்சுகளாக வெளியே வரும்போது மட்டும்தான் உப்போ மருந்தோ கொல்லும். நமது 28–30 பாகையில் ஒரு சுற்று மூன்று நாலு நாளில் முடியும். புள்ளிகள் நாலாம் நாள் மறைந்தால் அது குணமல்ல, விழுந்திருக்கிறது. கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு கிழமை உப்பு நிற்கவேண்டும். மொத்தம் 10 தொடக்கம் 14 நாள்.

15 லீற்றர் மாற்றினால் புதுத் தண்ணீருக்கு 45 கிராம் உப்பைச் சேர்த்து ஊற்றுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மூடியில்லாத தொட்டியில் தண்ணீர் மளமளவென்று வற்றும். அந்தக் குறையை நிரப்பும் தண்ணீருக்கு உப்புப் போடக் கூடாது, ஏனென்றால் வற்றியது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கிறது.

உப்புக்கு எதிரான பக்கமும் உண்டு. 3 கிராமில் வலிஸ்னேரியா தாக்குப் பிடிக்கும், மெல்லிய இலைச் செடிகள் கருகும். கொரிடோராஸ், லோச் போன்ற அடிமீன்கள் தாங்காது. அவற்றுக்கு 1 கிராமுடன் நிறுத்தி, தினமும் கல்லை உறிஞ்சிச் சுத்தம் செய்து கிருமியின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி.

நீலமும் பச்சையும்

நீலப் போத்தல் என்பது மெதிலீன் நீலம். முட்டையில் பூஞ்சணம் பிடிப்பதற்கும், தனிப் பேசினில் நைத்திரைற்று நஞ்சில் திணறும் மீனைத் தேற்றுவதற்கும் நல்லது. புதுத் தொட்டிக்குள் ஊற்றுவதற்கு இதைவிட மோசமான தெரிவு இல்லை. நாலு கிழமை காத்திருந்து வளர்க்கும் பற்றீரியாவை அது தடுத்துவிடும். அமோனியா மறுபடி ஏறும். மீன் இன்னும் சோரும். வாங்கியவர் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். கண்ணாடி ஒட்டிய சிலிக்கன் நீலமாகவே நின்றுவிடும் என்பது சின்னக் கவலைதான். சிறு போத்தல்களில் பலவற்றில் எத்தனை சதவீதம் என்றே இராது. 1 சதவீதக் கரைசல் என்று தெளிவாக எழுதியிருந்தால் 10 லீற்றர் பேசினுக்கு 3 மில்லிலீற்றர் போட்டால் லீற்றருக்கு 3 மில்லிகிராம் வரும்.

வெள்ளைப் புள்ளிக்கென்று விற்கும் பச்சை மருந்துகளில் பெரும்பாலும் மலகைற் கிறீன், சிலவற்றில் போர்மலினும் சேர்த்து. உப்பை விட விரைவாகவும் உறுதியாகவும் கொல்லும். ஆனால் போர்மலின் தண்ணீரில் ஒட்சிசனைக் குறைக்கிறது. 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும் தண்ணீர், 30 பாகையில் 7.5 மட்டும்தான் கொள்ளும். ஏற்கெனவே செவுள் வெந்த மீன் இதைத் தாங்காது. மலகைற் சூட்டில் கடுமையும் ஆகும். ஆகவே அமோனியா 0.25க்கு மேல் இருக்கும்வரை இதைத் தொடாதீர்கள். போடும்போது காற்றுக் கல்லை முழு வேகத்தில் விட்டு, பில்ரரில் கரி இருந்தால் எடுத்துவிட்டு, கொரிடோராஸ், லோச் போன்ற அடிமீன் இருந்தால் பாதி அளவில் போடுங்கள். கரண்ட் நிற்கும் என்று அறிவித்த நாளில் தொடங்கவே வேண்டாம். மலகைற்றைக் கைபடப் புழங்கக் கூடாது. கையுறை போடுங்கள், பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

தனிப் பேசின்

பேசினா தொட்டியா என்பதற்கு ஒரு நேரான விதி உண்டு: புள்ளி நோய்க்குத் தொட்டிக்கே வைத்தியம், காயம், செட்டை அழுகல், கொலம்னாரிஸ் போன்றவற்றுக்கு மீனுக்கு வைத்தியம். புள்ளி உள்ள மீனை மட்டும் பேசினுக்கு எடுத்தால் தொட்டியின் கல்லில் கிருமி அப்படியே இருக்கும், அங்கே மிஞ்சிய மீனில் ஏறும்.

20 லீற்றர் பேசின், ஒரு ஸ்பொஞ் பில்ரர், ஒளிந்து நிற்க உடைந்த பூச்சாடித் துண்டு, மேலே பாயாமல் ஒரு வலை. கல் வேண்டாம். பேசினில் பற்றீரியா அறவே இல்லை. தொட்டியை விட அது புதிது. தினமும் 10 லீற்றர் மாற்றாமல் விட்டால் மூன்றாம் நாள் மீன் நோயால் அல்ல, தன் கழிவால் சாகும். 3 கிராம் உப்பு வைத்திருந்தால் மாற்றும் தண்ணீருக்கு 30 கிராம் சேர்க்கவேண்டும். வலையையும் கையையும் தொட்டிக்கும் பேசினுக்கும் பொதுவாக்க வேண்டாம்.

இதை மறுபக்கமாகவும் செய்யலாம்: எல்லா மீனையும் பேசினுக்கு மாற்றி, தொட்டியை ஒரு கிழமை வெறுமையாக ஓட விடுவது. மீன் கிடைக்காத புள்ளிக் குஞ்சுகள் இரண்டு நாளில் செத்துவிடும். பற்றீரியா பட்டினி கிடக்காமல் தினமும் ஒரு சிட்டிகை தீனியைத் தொட்டிக்குள் போடுங்கள். செடி நிறைந்த தொட்டிக்கும் அடிமீன் உள்ள தொட்டிக்கும் இது மருந்தைவிடச் சுத்தமான வழி.

எடுத்த எடுப்பில் செய்யக்கூடாதவை

பாமசியில் ரெட்ராசைக்கிளின் குளிசையை வாங்கி உடைத்துக் கொட்டுவது இன்னும் நடக்கிறது. அந்த மருந்து கல்சியத்தோடும் மகனீசியத்தோடும் பிணைந்துகொள்ளும். நமது வன்தண்ணீரில் போட்டதில் பெரும் பகுதி மீனுக்குப் போய்ச் சேராது. பில்ரர் பற்றீரியாவையும் ஆட்டிவிடும், மருந்துக்கு அடங்காத கிருமியையும் உண்டாக்கும். கொலம்னாரிஸ் உறுதி என்றால் மட்டும், தனிப் பேசினில், மிருக வைத்தியரின் சொற்படி.

ஹீற்றர் இங்கே வருடத்தில் பத்து மாதம் அலங்காரம். மார்கழி, தை இரவுகளில் தொட்டி 24–25 பாகைக்கு இறங்கி, பகலில் ஏறும்போதுதான் புள்ளி நோய் தலைகாட்டும். அந்நேரம் 50 வாற் ஹீற்றரை 29இல் வைத்தால் பிரயோசனம். வாயில் வெளிறிய படை இருந்தால் சூட்டை ஏற்றாதீர்கள். கொலம்னாரிஸ் சூட்டில் ஓடும். மஞ்சள்தூள் செவுளில் படியும், விட்டுவிடுங்கள். வாதுமை இலை கெடுதல் செய்யாது. ஆனால் இந்தத் தண்ணீரில் பிஎச்சை இறக்கும் என்று நம்பிப் போட்டால் நிறம்தான் மாறும்.

தொட்டியைக் கொட்டிக் கழுவுவது குடியேறிய பற்றீரியா முழுவதையும் வாய்க்காலில் விடுவது. முதலாம் நாளில் இருந்து மறுபடி தொடங்குகிறீர்கள், அதே நோயாளி மீன்களுடன்.

எந்த நிலைக்கு எது

எல்லா மீனும் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன, புள்ளியில்லை: உடனே பாதித் தண்ணீர், காற்றுக் கல், தீனி நிறுத்தம். இரண்டாம் மூன்றாம் கிழமை என்றால் கூடவே 45 கிராம் உப்பு. வேறெதுவும் வேண்டாம்.

சீனிப் புள்ளி, அமோனியாவும் இருக்கிறது: முதல் இரண்டு நாள் தண்ணீர் மாற்றமும் உப்பின் முதற்படியும் சேர்த்து, பிறகு 3 கிராமுக்கு ஏற்றுங்கள். ஐந்தாம் நாளும் புள்ளி பெருகினால், அமோனியா இறங்கியிருந்தால், பச்சை மருந்து. உப்போடு சேர்த்து அல்ல. தண்ணீரை மாற்றி உப்பை 1 கிராமுக்குக் கொண்டுவந்த பிறகு.

ஒரு மீனில் மட்டும் வாயில் படை அல்லது செட்டை அழுகல்: அந்த மீன் பேசினுக்கு, அதே மணித்தியாலத்தில். தொட்டிக்குத் தண்ணீர் மாற்றம் மட்டும்.

குணமான பிறகு உப்பை எடுக்க ஒரு வேலையும் இல்லை. உப்பில்லாத தண்ணீரால் கிழமைக்கு இரண்டு தடவை 15 லீற்றர் மாற்றினால் இரண்டு கிழமையில் 3 கிராம் 0.6க்குக் கீழே வந்துவிடும். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏழு நாள் தொடர்ந்து பூச்சியமாக நிற்கும்வரை புது மீன் வாங்க வேண்டாம். அதன் பிறகும் ஒருதடவைக்கு இரண்டு மூன்று சிறிய மீன், அவையும் முதல் இரண்டு கிழமை அந்த 20 லீற்றர் பேசினில்.